கரிசல் பக்கம் போனால் எதைச் சாப்பிடுவது, எங்கே, எத்தனை மணிக்கு?

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாற்கரச் சாலையில் போகிறவர்கள் கரிசல்காட்டை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று பெயர்ப்பலகைகள் வரும், போகும். ஊருக்குள் விடாமல் புறவழிச்சாலை ஒதுக்கிக் கொண்டுபோய்விடும். நடுவில் பசித்தால், கார் நிறுத்த இடமும் கழுவிவிட்ட கழிப்பறையும் இருக்கிற ஓட்டலாகப் பார்த்து இறங்கி, சென்னையில் கிடைக்கிற அதே நெய் ரோஸ்ட்டைச் சாப்பிட்டுவிட்டு, கல்லாப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் கடலைமிட்டாயில் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வண்டி ஏறுகிறோம். கோவில்பட்டி பார்த்தாயிற்று.

ஊருக்குள் வண்டியைத் திருப்புகிறவர்களும் ஒரு தோதில்லாத கேள்வியோடுதான் வருகிறார்கள்: "இங்க நல்ல ஓட்டல் எது?" கரிசல் ஊர்களில் இதற்கு உருப்படியான பதில் கிடையாது. எல்லா நேரமும் எல்லாவற்றையும் நன்றாகப் போடுகிற கடை இங்கே அபூர்வம். வெயில் உச்சிக்கு வருமுன்னே கம்மங்கூழ்ப் பானை காலியாகிவிடும். மிட்டாய்க் கடையில் எண்ணெய்ச்சட்டி ஏறுவது மத்தியானத் தூக்கம் கலைந்த பிறகு. பரோட்டாக் கல் காய்வது விளக்கு வைக்கிற நேரத்தில். ஆகவே முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், அடுத்தபடியாகக் காலண்டரை.

இன்னொன்றையும் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த வட்டாரத்துச் சாப்பாடு இரண்டு வகை. காட்டில் விளைந்து வீட்டு அடுப்பில் வெந்தது ஒன்று: கம்பு, சோளம், குதிரைவாலி, கேப்பை, உளுந்து, பயறு. பஜாரில் பிறந்து பஜாரிலேயே வளர்ந்தது மற்றொன்று: மிட்டாய், சேவு, பரோட்டா. முதல் வகையைக் கடைகளில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டாவது வகையை எந்த வீட்டிலும் இந்த அளவுக்குச் செய்ய முடியாது. கடையில் கடைச் சாப்பாட்டைக் கேளுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

காலையில்: கூழா, இட்லியா?

மாசி பிறந்ததும் கோவில்பட்டித் தெருக்களிலும் சுற்றுவட்டார ரோட்டோரங்களிலும் கூழ் வண்டிகள் வந்துவிடும். வேப்பமர நிழலோ புங்கமர நிழலோ பார்த்து நிற்கும். வண்டிக்காரர் பானைத் தண்ணீரில் கிடக்கும் கம்பு உருண்டையில் ஒன்றை எடுத்துச் செம்பில் போட்டு, கையாலேயே கரைத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, பொடிசாக அரிந்த சின்ன வெங்காயத்தைத் தூவிக் கொடுப்பார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், கொத்தவரை வத்தல், மாங்காய்க் கீற்று. கேட்டால் சுட்ட கருவாடும் உண்டு.

எந்த வண்டியில் நிற்பது? முதல் வாய் குடித்ததும் நாக்கில் நொய் நெருடினால் அது உடைத்த கம்பில் காய்ச்சியது. வழவழவென்று கஞ்சி மாதிரி இறங்கினால் பாக்கெட் மாவு. லேசான புளிப்பு வேண்டும், முகத்தைச் சுளிக்க வைக்கும் புளிப்பு கூடாது. ஐஸ் உடைத்துப் போடுகிற வண்டியைத் தாண்டிப் போய்விடுங்கள். ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததென்று வண்டிக்காரருக்கே தெரியாது. பானைத் தண்ணீரின் குளிர்ச்சியே கூழுக்குப் போதும்.

கோடையில் கூழுக்குத்தான் என் ஓட்டு. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் கூழைத் தேட வேண்டாம். வண்டிகளும் குறைந்துவிடும், உடம்பும் கேட்காது. அப்போது இட்லியும் உளுந்தவடையும்தான். உளுந்தும் பாசிப்பயறும் இந்த மண்ணில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற பயிர்கள். சின்ன ஓட்டல்களில் ஏழு மணிக்குள் போனால் முதல் ஈடு வடை கிடைக்கும். எட்டரைக்கு மேல் அது ஆறிப்போய்ச் சாம்பாரில் ஊறிக் கிடக்கும்.

இந்த இடத்தில் ஒரு வகையான பயணிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கி.ராஜநாராயணனையும் கு.அழகிரிசாமியையும் பூமணியையும் சோ.தர்மனையும் படித்துவிட்டு, கதையில் மணத்த கம்மஞ்சோற்றையும் குதிரைவாலிச் சோற்றையும் ஒரு வாயாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று வருகிறவர்கள். இடைசெவலுக்குப் போவார்கள். கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு கட்டிய நினைவரங்கத்தைப் பார்ப்பார்கள். பிறகு பஜாரில் குதிரைவாலிச் சாப்பாடு எங்கே என்று விசாரிப்பார்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, தவிடு போகப் புடைத்து, மறுபடி இடித்து, உலையில் போட்டு இறக்கம் பார்த்துக் கிண்ட வேண்டும். குதிரைவாலி உமி அதைவிடப் பிடிவாதம். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இதைச் செய்வதற்கே ஒருத்தியின் காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். 2011-இல் ரேஷனில் அரிசி இலவசமான பிறகு யார் இடிப்பார்கள்? விதைப்பும் மாறிவிட்டது. இன்றைக்குக் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் காட்டைப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம். மனிதர் சாப்பிடுவதற்காக இல்லை, கோழித் தீவனத்துக்குப் போகிறது. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக்கென்றே சோளமும் பருத்தியும் ரகம் ரகமாகக் கொடுத்த இடம். அந்த ஊரிலேயே ஒரு தட்டுச் சோளச்சோறு விலைக்குக் கிடைப்பது கஷ்டம்.

இதில் வேடிக்கை, இமயமலைப் பக்கம் போனால் இதே தானியத்துக்கு மேசை போட்டிருக்கிறார்கள். உத்தராகண்டில் ஜங்கோரா என்று சொல்வது குதிரைவாலி இனம்தான். அதில் பாயசம் வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுக்கிறார்கள். மண்டுவா என்பது நம் கேப்பை. அதில் சுட்ட ரொட்டியும் அங்கே பயணிகள் கேட்டு வாங்குகிற பண்டம். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நம் பக்கமும் சந்தடி இருந்தது. நெடுஞ்சாலை ஓட்டல்களில் சிறுதானியத் தோசை, சிறுதானிய நூடுல்ஸ் என்று பலகை தொங்கியது. அந்தப் பலகைகளை நம்பி இறங்காதீர்கள். அரிசி மாவில் கைப்பிடி கம்பு மாவைக் கலந்து ஊற்றிய தோசைக்கு இரட்டை விலை கொடுப்பதைவிட, வெறும் தோசை நல்லது.

அப்படியானால் கம்மஞ்சோற்றுக்கு என்ன வழி? ஊரில் தெரிந்தவர் வீடு. வேறு குறுக்கு வழியில்லை. இந்தப் பக்கத்துச் சிநேகிதர் யாராவது இருந்தால் இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள். "அத்தை, கம்மஞ்சோறு வச்சுத் தருவீங்களா?" என்று கேட்டால் சந்தோஷமாகச் செய்கிற பெரிய மனுஷிகள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். ராத்திரி ஆக்கி உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் மோர் விட்டுப் பிசைந்து, காணத்துவையலோ மிதுக்கவத்தலோ வைத்துத் தருவார்கள். அந்தச் சோற்றின் நீச்சத்தண்ணியையும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.

மத்தியானம்: கறி உண்டா இல்லையா?

சைவச் சாப்பாடு என்றால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம். வயிறு நிறையும், அவ்வளவுதான். ஒரே ஒரு விதிவிலக்கு அதலைக்காய். மழை விழுந்து கரிசல் குளிர்ந்ததும் காட்டில் தானாகப் படரும் கொடி இது. காய் விரல் நுனி அளவே இருக்கும், பாகற்காயின் ஒன்றுவிட்ட தங்கை. கசப்பும் அந்தக் குடும்பத்துக் கசப்புதான், ஆனால் நாக்கை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும். யாரும் பாத்தி கட்டி வளர்ப்பதில்லை. பெண்கள் காட்டில் பறித்துப் படியில் அளந்து விற்பார்கள். பறித்த காய் ஒன்றிரண்டு நாளிலேயே வெடித்துவிடும் என்பதால் தூரத்து ஊர்ச் சந்தைகளுக்கு அதிகம் போவதில்லை. நல்லெண்ணெயில் பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டு மொறுமொறுவென்று வதக்கினால் வெறும் பருப்புச் சோறுகூட விருந்தாகிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை சின்ன மெஸ்களில் "அதலக்கா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். இல்லையென்றால் சந்தையில் கால்கிலோ வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு போய்ச் சேருங்கள்.

அசைவக்காரர்களுக்கு மத்தியானம் யோகம். கரிசல்காடு ஆட்டு நாடு. கன்னி ஆடும் கொடி ஆடும் வேம்பூர் ஆடும் இந்த மண்ணின் இனங்கள். கறுப்பு உடம்பும் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடும் உள்ள கன்னி ஆடுகள் மந்தையாகச் சாலையைக் கடக்கும்போது கார்க்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். பொறுமையாக நின்று பார்க்க வேண்டிய காட்சி அது. எட்டயபுரத்தில் சனிக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச்சந்தை தென்மாவட்டங்களில் பேர் போனது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தின சனிக்கிழமைகளில் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும். பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமை விடியலில் போனால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

காடு மேடெல்லாம் மேய்ந்த ஆட்டுக்கறிக்குக் கொழுப்புக் குறைவு, மணம் அதிகம். வேகவும் நேரம் எடுக்கும். ஆகவே வறுவலைவிடக் குழம்பு நல்லது. சுக்கா கேட்டால் பல இடங்களில் ரப்பர் மாதிரி வருகிறது. மட்டன் குழம்பையும் சோற்றையும் மட்டும் வாங்கிச் சாப்பிடுகிறவன் ஏமாறமாட்டான். பிரியாணிப் பிரியர்கள் மேற்கே நாற்பது கிலோமீட்டர் போல வண்டியை விட்டால் சங்கரன்கோவில். அங்கே சுல்தான் கடைப் பிரியாணிக்கு இருக்கிற பேர் கோவில்பட்டியில் எந்தப் பிரியாணிக்கும் இல்லை. போகிற வழியில் கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் ஒற்றைப் பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்த வெட்டுவான் கோயிலையும், பக்கத்துப் பாறையில் வரிசையாக இருக்கும் சமணச் சிற்பங்களையும் காலை வெயிலுக்கு முன்னால் பார்த்துவிட்டு, பசியோடு சங்கரன்கோவில் போய்ச் சேருவது நல்ல திட்டம். கழுகுமலையில் சாப்பிடத் திட்டம் போடாதீர்கள், டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு: சாத்தூர்

கோவில்பட்டிக்கு வடக்கே அரைமணி நேரத் தூரத்தில் சாத்தூர். ரயிலில் போகிறவர்களுக்கு சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு தெரிந்திருக்கும். கோடையில் ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் கூடை கூடையாக வரும். கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருவதை ஜன்னல் வழியாகவே வாங்கலாம்.

ஆனால் சாத்தூர் என்றால் சேவுதான். கடலைமாவும் அரிசிமாவும் கலந்து பிசைந்த மாவை, எண்ணெய்ச்சட்டிக்கு மேல் கண் கரண்டியை நிறுத்தி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார்கள். துண்டு துண்டாக விழுந்து, நுரைத்து, மிதந்து வரும். காராச்சேவு, மிளகுச்சேவு, பூண்டுச்சேவு, வாயில் போட்டதும் கரைகிற நெய்ச்சேவு, வெல்லப்பாகு பூசிய இனிப்புச்சேவு என்று கடைக்கு ஐந்தாறு வகை. எல்லாவற்றையும் நூறு நூறு கிராம் வாங்குவது வெளியூர்க்காரர் வழக்கம். நான் சொல்வேன், காராச்சேவு ஒன்று போதும். மற்ற வகைகள் வேறு ஊர்களிலும் கிடைக்கும். மிளகாயும் பூண்டும் சரியாக விழுந்த காராச்சேவின் காரம் தொண்டைக்குப் போகாமல் நாக்கிலேயே நிற்கும். அந்தக் கணக்கு சாத்தூர்க்காரர்கள் கையில் இருக்கிறது.

"அண்ணாச்சி, இன்னைக்குப் போட்டதா?" என்று கேட்டுவிட்டு, பதிலை நம்பாமல் ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். மொடுக்கென்று உடைய வேண்டும். விரலில் எண்ணெய் கசியக்கூடாது. மோந்தால் கடலைமாவு வாசம் வர வேண்டும். காறல் வாடை வந்தால் எண்ணெய் பழசு. கடை எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சேவு ஒரு பக்கம், கருப்பட்டி மிட்டாய் மறுபக்கம். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த மாவை ஓட்டைத் துணியில் கட்டி, சூடான எண்ணெயில் வட்டம் வட்டமாகப் பிழிந்து, வெந்ததும் கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பது. சீனிப்பாகில் போட்டால் சீனி மிட்டாய். ஜிலேபிக்குச் சொந்தம் மாதிரி தோன்றும், ஆனால் கலர் கிடையாது, எலுமிச்சைப் புளிப்பு கிடையாது. உள்ளே பாகு நின்று, கடித்தால் வழியும். பல கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். கருப்பட்டிதான் எடுக்க வேண்டும். சீனி மிட்டாய் இனிப்பு மட்டுமே, கருப்பட்டிக்குள் லேசான கசப்பும் சுக்கு மணமும் இருக்கும். இதை ஊருக்கு வாங்கிப் போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். போகலாம். ஆனால் மறுநாள் பாகு இறுகிவிடும், மூன்றாம் நாள் அது வேறு பண்டம். நின்ற இடத்தில், சூட்டோடு, நாலு சுருளும் கைநிறையக் காராச்சேவும். நாலு மணிக்கு இதைவிட நல்ல சிற்றுண்டி இந்தச் சாலையில் கிடையாது.

குடிப்பதற்கு? மாசி முதல் ஆனி வரை பதநீர். விளாத்திகுளம், வேம்பார்ப் பக்கம் பனைக்காடு. காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும், வெயில் ஏற ஏறப் புளிக்கும். நெடுஞ்சாலையில் மத்தியானம் மூன்று மணிக்குக் குடத்தில் வைத்து விற்பது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர் கலந்தது. சித்திரை, வைகாசியில் நுங்கு கண்ணெதிரே சீவித் தருவதால் ஏமாற்ற வழியில்லை. கருப்பட்டிக் காபிக் கடைகள் இப்போது மைலுக்கு ஒன்று முளைத்துவிட்டன. பாலில்லாமல், சுக்கு போட்டுக் கேளுங்கள், கருப்பட்டி நல்லதா கெட்டதா என்று அப்போதுதான் தெரியும். பால் எல்லாக் குற்றத்தையும் மூடிவிடும். கருப்பட்டியைக் கட்டியாக வாங்குகிறவர்கள் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த முகம் கற்கண்டு மாதிரி மினுமினுத்தால் அதில் சீனி இருக்கிறது. சீனி கலப்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

ராத்திரி: எந்த ஊர்ப் பரோட்டா?

தென்மாவட்டத்தில் பரோட்டாவுக்குத் திசைக்கு ஒரு சாதி உண்டு. மேற்கே செங்கோட்டைப் பக்கம், பிரானூர் பார்டரில், மெத்தென்ற சின்னப் பரோட்டாவும் மிளகு தூக்கலான நாட்டுக்கோழியும். கிழக்கே தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்றே பெயர். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டு முழிப்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பொழுதுபோக்கு. வடக்கே விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா. நடுவில் கோவில்பட்டியில் கல்லில் சுட்டு, இரண்டு கையாலும் தட்டி இதழ் பிரித்துப் போடுவது.

ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால் விருதுநகர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே பரோட்டாவைச் சுடுவதில்லை, பொரிக்கிறார்கள். விளிம்பு உயர்ந்த அகலக் கல்லில் எண்ணெய் குளமாக நிற்கும். வீசி மடித்துச் சுருட்டித் தட்டிய மாவு அதில் ஒரு பக்கமாக இறங்கும். ஓரம் பொன்னிறமாக உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்து எழும்பும். திருப்பிப் போட்டு, அமுக்கி, எடுத்து எண்ணெய் வடிய ஓரத்தில் நிறுத்திவைப்பார்கள். இலையில் விழுந்ததும் ஒரு தட்டு. மேல் ஓடு நொறுங்கும், உள்ளே மெதுவாக இருக்கும். அதன் மேல் சால்னாவை நீங்களே ஊற்றிக்கொள்ளாதீர்கள், பரிமாறுகிறவர் ஊற்றட்டும். எவ்வளவு ஊற்றினால் மொறுமொறுப்புப் போகாமல் ஊறும் என்பது அவருக்குத் தெரியும். பர்மா கடை இதில் பழைய பேர். அங்கே கூட்டமாக இருந்தால் பக்கத்துக் கடைகளும் தோஷமில்லை. இந்த ஊரே இந்தப் பரோட்டாவைக் கற்றுவைத்திருக்கிறது.

எண்ணெய் என்று பயப்படுகிறவர்களும் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களும் கோவில்பட்டியிலேயே தங்கிச் சாப்பிடலாம். அண்ணா பஸ் நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் ஏழு மணிக்கு மேல் கொத்துப் பரோட்டாச் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே போனால் போதும். பரோட்டாவுக்குச் சால்னாதான் சாட்சி. சிவப்பாக, எண்ணெய் மிதந்து, தண்ணியாக ஓடினால் மிளகாய்ப்பொடிச் சால்னா. தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றிய சால்னா கொஞ்சம் மங்கலாக, கெட்டியாக இருக்கும். அடுத்தவர் இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டு உடனே நானூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிற உத்தேசம் இருந்தால் மூன்றாவது பரோட்டா வேண்டாம். மைதா தூக்கத்துக்கு இந்த நேர்ச்சாலை தோதானது.

வீட்டுக்கு வாங்க

கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, தூத்துக்குடி மக்ரூன். மூன்றும் ஒரு மணி நேர வட்டத்துக்குள், மூன்றுக்கும் தனித்தனிக் கட்சி.

மக்ரூனை முதலில் முடித்துவிடுகிறேன். முந்திரிப்பருப்பு, முட்டை வெள்ளைக்கரு, சீனி மூன்றும்தான் சரக்கு. வாயில் போட்டதும் கரையும், காற்று புகாத டப்பாவில் நாள்பட நிற்கும். விலை கூடுதல், கனம் குறைவு. முட்டை சாப்பிடாத வீட்டுக்கு வாங்கிப் போய்ச் சங்கடப்பட்டவர்கள் உண்டு. தூத்துக்குடிக்குப் போகிற வேலை இருந்தால் வாங்குங்கள், அதற்காகவே போக வேண்டாம்.

பால்கோவா பாலும் சீனியும் மட்டும். புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. ஆண்டாள் கோயிலைச் சுற்றிக் கடைகள், பால் கூட்டுறவுச் சங்கத்து விற்பனையும் உண்டு. நல்ல பால்கோவா பழுப்பேறிய நிறமாக, மணல் மணலாக இருக்கும். வெள்ளை வெளேரென்று மாவாக இருந்தால் அவசரத்தில் இறக்கியது. இதன் எதிரி நாள். இரண்டு மூன்று நாளுக்குள் தீர்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

கடலைமிட்டாய்க்கு வருவோம். பொன்னம்பல நாடார் என்ற மளிகைக் கடைக்காரர் 1940-களில் கருப்பட்டிக்குப் பதிலாகக் கரும்பு வெல்லத்தில் பாகு காய்ச்சிக் கடலைமிட்டாய் போட்டதில் இந்த ஊர்த் தொழில் தொடங்கியது என்று புவிசார் குறியீட்டு ஆவணம் சொல்கிறது. உற்பத்தியாளர் சங்கம் 2014-இல் விண்ணப்பித்தது, 2020 ஏப்ரலில் குறியீடு கிடைத்தது. கடலை இந்த வட்டாரத்தது, வெல்லம் தேனிப் பக்கத்திலிருந்து வருவது, தண்ணீர் தாமிரபரணி.

செய்கிற இடத்துக்கே போய் வாங்க முடிந்தால் போங்கள். பட்டறைகள் ஊருக்குள் பல தெருக்களில் இருக்கின்றன, பாகு வாசமே வழிகாட்டும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டிருப்பார்கள். பாகு பதம் வந்ததா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். டங்கென்று கண்ணாடிச் சத்தம் கேட்டால் பதம். அந்த நிமிடம் தவறினால் ஒன்று பல்லில் ஒட்டும், இல்லை கரிந்த வாடை வரும். வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த பருப்பு பாகில் விழுந்ததும் வேகமாகக் கிண்டி, மேடையில் கொட்டி, ஆறுவதற்குள் பரப்பி, உருளையால் தேய்த்து, அளவு பார்த்து வெட்டிவிடுவார்கள். மேலே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கலர் ஏற்றிய தேங்காய்ப்பூ தூவுவது பழைய கோவில்பட்டி அடையாளம். இப்போது பாக்கெட் சரக்கில் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

சில்லாக வாங்குவதா, உருண்டையாகவா? சில்லுதான். உருண்டையில் பாகு ஒரு பக்கம் சேர்ந்துவிடும், பல்லுக்கும் வேலை அதிகம். சில்லிலும் பருப்பு நெருக்கமாக இருந்து, பாகு அதைப் பிடித்து நிறுத்துகிற அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரிப் பாகு மட்டும் தெரிகிற இடங்கள் நிறைய இருந்தால் நீங்கள் வெல்லத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். எள்ளு மிட்டாய், பொரிகடலை மிட்டாய், பாதாம் முந்திரி போட்டதெல்லாம் பக்கத்திலேயே இருக்கும். எள்ளு மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கலாம். பாதாம் போட்டதை வாங்கக் கோவில்பட்டிக்கு வர வேண்டியதில்லை.

நெடுஞ்சாலைக் கடைகளில் 'ஒரிஜினல்' என்று எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டாம், எங்கே செய்தது என்ற முகவரியையும் தேதியையும் பாருங்கள். குறியீடு கோவில்பட்டிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும்தான், வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயர் செல்லாது. கடலையில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறும். ஆக, செய்து இரண்டு வாரத்துக்குள் இருக்கிற பாக்கெட்டாக எடுத்து, ஒரு மாதத்துக்குள் தின்று தீர்த்துவிடுவது நல்லது.

மூன்றில் எது? அன்றைக்கே வீடு போய்ச் சேருகிறவர்களுக்குப் பால்கோவா. மற்ற எல்லாருக்கும் கடலைமிட்டாய், விலைக்கும் அதுதான் நியாயம். கோடையில் வாங்கினால் காரின் பின்கண்ணாடி ஓரம் வைக்காதீர்கள். மதுரை தாண்டுவதற்குள் பாகு இளகி, எல்லாச் சில்லும் ஒட்டி ஒரே பாளமாகிவிடும்.